கறை யார் வீட்டுக்கு

காலை பத்து மணிக்கு அம்மா பாய்லரை அணைத்தாள். அது இருமியது, நீளமாக மூச்சு விட்டது, நின்றது. எங்கள் சலவைக் கடையில் நாற்பது வருடமாகப் பகலெல்லாம் கேட்ட இரைச்சல் அத்துடன் முடிந்தது.

“ஊரார் அழுக்கெல்லாம் போச்சு” என்றாள் அம்மா, கையைத் துடைத்தபடி. “இனிமே நம்ம அழுக்கு மட்டும்தான்.”

கடையை வேறொருவர் வாங்கியிருந்தார். பெரிய இயந்திரங்கள் போடப் போகிறார். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. நின்றே செய்யும் வேலை, முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டன. மாலையில் சாமான் வண்டி வரும். அம்மா ஊரின் மறுகோடியில் ஓர் அறைக் குடியிருப்புக்குப் போகிறாள். நாங்கள் மூவரும் எங்கள் வீடுகளுக்குக் கூப்பிட்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, தனி அறையே நிம்மதி என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் ஒரே குறை, வாசலில் இருந்த பலகை. நாய் கூடாது.

எங்களிடம் நாய் இருந்தது.

அம்மா துணி பிரிக்கும் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். கடையில் நாற்காலி இருந்ததே இல்லை. நாங்கள் மூவரும் எதிரில் வரிசையாக நின்றோம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பி பேக்கரியில் இரவு வேலை பார்ப்பவன். நடுவில் நான். ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை.

“வண்டி வர்றதுக்குள்ள சொல்லுங்க” என்றாள் அம்மா. “கறை யார் வீட்டுக்கு?”

மூவரும் கறையைப் பார்த்தோம். அது இஸ்திரி இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தது. வெள்ளை நாய். முதுகில் மட்டும் பழுப்பாக ஒரு திட்டு, யாரோ காபியைக் கொட்டியதுபோல. குட்டியாக வந்த அன்று அம்மா அந்தத் திட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தொழில் பழக்கம். போகவில்லை. அதையே பெயராக வைத்துவிட்டாள்.

யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இது அபூர்வம். அதுவும் நாய் விஷயத்தில்.

நாய் விஷயத்தில் நாங்கள் மூவரும் தீராப் பகையாளிகள். எங்கே கூடினாலும், சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பேச்சு வந்துவிடும். கறைக்கு முன்னால் இருந்த மூன்று நாய்களில் எதற்கு யாரைப் பிடித்திருந்தது. டோக்கன் தன்னைத் தவிர ஒருவரையும் மனிதராகவே மதித்ததில்லை என்பான் அண்ணன். பித்தான் என் உயிர் என்பேன் நான். சுருக்கத்துக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் கடைசியாகத் தன் பெயரைத்தான் சொல்லியிருக்கும் என்பான் தம்பி. இந்தக் கட்டம் வந்ததும் அண்ணி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். என் கணவரும் பின்னாலேயே போவார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று அம்மா சொல்வாள்.

அன்று எல்லாம் தலைகீழானது.

“அண்ணன்தான் எடுக்கணும்” என்று ஆரம்பித்தான் தம்பி. “டோக்கனுக்கு அண்ணன்னா உயிராச்சே.”

“யார் சொன்னது?” என்றான் அண்ணன்.

“நீதான். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து.”

“அது சும்மா பெருமைக்குச் சொன்னதுடா. என்னைப் பாத்தா டோக்கன் எந்திரிச்சு வேற எடத்துல போய்ப் படுக்கும்.”

“உன் சட்டையிலதான் தூங்கும்னு சொன்னே?”

“சட்டையில. நான் உள்ள இல்லாத சட்டையில.”

டோக்கன் எங்கள் முதல் நாய். அப்பாவுக்கு நாய் பிடிக்காது. அவர் இறந்த வருடம் டோக்கன் வந்தது. இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. உயரமான ஒருவர் கோட் ஒன்றைத் துவைக்கக் கொடுத்துவிட்டு, கையில் பிடித்திருந்த நாயைத் துணிக் கம்பியில் கட்டினார். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனார். வரவில்லை. கடையில் எது இருந்தாலும் அதற்கு ஒரு டோக்கன் வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒன்றை எடுத்துக் கோட்டில் குத்தினாள். இன்னொன்றை நாயின் கழுத்தில் கட்டினாள். மூன்று மாதம் யாரும் வாங்கிப் போகாவிட்டால் பொருள் கடைக்குச் சொந்தம். அந்த மூன்று மாதமும் நாங்கள் வாசலில் காவல் இருந்தோம். உயரமான ஆள் எவர் தெருவில் வந்தாலும் தம்பி நாயோடு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கெடு முடிந்த அன்று அம்மா கோட்டைத் தரையில் விரித்து, இனி இது உனக்கு என்றாள். நாயிடம்தான்.

டோக்கன் வெள்ளை. அதனால் ஒரு தொல்லை. எங்கள் கடையின் பெரிய வாடிக்கையாளர் ஒரு வக்கீல். கறுப்புக் கோட். ஒருநாள் அவர் வழக்காடிக்கொண்டிருந்தபோது நீதிபதி தும்மினாராம். மறுபடி தும்மினாராம். வக்கீலைத் தள்ளி நிற்கச் சொன்னாராம். வக்கீல் கடைக்கு வந்து வெள்ளை முடி ஒட்டிய கோட்டை மேசையில் வீசினார்.

அடுத்த நாயை அம்மா கறுப்பாகப் பார்த்து எடுத்தாள். அதுதான் பித்தான்.

“அப்ப நம்ம காது டாக்டர்தான்” என்று அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் டாக்டர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். “பித்தான் இவளோட காலேஜ் வாசல் வரைக்கும் போகும்.”

“எனக்காகவா போச்சு? வாசல்ல இருந்த பிஸ்கட் கடைக்காகப் போச்சு.”

“இவ அழுதா அதுவும் அழும்னு சொல்வாளே, அண்ணா” என்றான் தம்பி.

“அது பசியில அழுததுடா. நான் அழுதா சோறு வைக்க மறந்துடுவேன்ல.”

பித்தானைப் பற்றி இப்படிப் பேசுவது துரோகம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் பேசினேன். பித்தான் என்று பெயர் வரக் காரணம், அது துணிகளிலிருந்து பித்தான்களைக் கடித்து விழுங்கும். சிறிய சட்டைப் பித்தான்களைத் தொடாது. கோட் பித்தான்தான் வேண்டும். மாட்டுக் கொம்பில் செய்தது என்றால் இன்னும் விசேஷம். ஒருமுறை அந்த வக்கீல் கோட்டின் நடுப் பித்தான் போயிற்று. கடைகளில் அது போல இன்னொன்று கிடைக்கவில்லை. அம்மா இரண்டு நாள் பித்தானின் பின்னாலேயே நடந்தாள். மூன்றாம் நாள் கிடைத்தது. சோடாவில் ஊறவைத்து, சோப்பில் கழுவி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, அதே இடத்தில் தைத்தாள். வக்கீல் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

“நடுப் பித்தான் மட்டும் பளபளன்னு இருக்கே. என்ன போட்டீங்க?”

“கைப்பக்குவம்” என்றாள் அம்மா.

கறுப்பு நாய்க்கும் ஒரு தொல்லை இருந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வரத் தொடங்கின. அம்மா மூன்றாவது நாயைப் பழுப்பில் எடுத்தாள். அந்த நிறத்தில் யாரும் துணியே போடுவதில்லை என்று கணக்கு. நெற்றி முழுக்க மடிப்பு. எவ்வளவு சூடு வைத்தாலும் இது நிமிராது என்று சொல்லிச் சுருக்கம் என்று பெயர் வைத்தாள். அடுத்த வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடம் சீருடையை மாற்றியது. கால்சட்டை பழுப்பு. ஒட்டியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கெல்லாம் தொடை அரித்தது. கறையை எடுத்தபோது அம்மா நிறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டட்டும் என்றாள்.

“சுருக்கம் உன் பின்னாடிதான் சுத்துச்சு” என்றேன் தம்பியிடம். “எத்தனை வருஷம் கேட்டிருக்கேன் இந்தக் கதைய.”

“என் மேல ரொட்டி வாசனை, அக்கா. என் பின்னாடி எலிகூடத்தான் சுத்துது.”

அம்மா மேசையில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள். டோக்கனும் பித்தானும் சுருக்கமும் ஒரே காலையில் அநாதைகளாகிவிட்டன. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பழைய கதை போதும்” என்றாள். “இப்ப உள்ள கஷ்டத்தச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா.”

அண்ணன் ஆரம்பித்தான். “நாங்க இருக்கிறது ஒம்பதாவது மாடி. கறையால ஏற முடியாது.”

“லிஃப்ட்?”

அண்ணன் தரையைப் பார்த்தான்.

“ஓடல” என்றான் தம்பி. “மூணு மாசமா. ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் இவன்தான் பாக்கிறான். இவன் கட்டடத்துல இருக்கிறவங்க இவனப் பாத்தா திட்டுறாங்க.”

“அது வேற கம்பெனி லிஃப்ட். நான் கை வைக்கக் கூடாது.”

“சரி. நீ?” என்றாள் அம்மா.

“நான் பகல்ல தூங்குறவன், அம்மா” என்றான் தம்பி. “நாய் இருந்தா எப்படி?”

“அதுவும் பகல்லதான் தூங்குது.”

“ராத்திரி தனியா இருக்குமே.”

“பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“மாவுல முடி விழுந்தா என்னைத்தான் அடுப்புல வைப்பாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். என் வீடு தரைத்தளம். பின்னால் வேலி போட்ட இடம் உண்டு. காரணம் தேடுவது எனக்குத்தான் கஷ்டம்.

“அவர்கிட்ட கேக்கணும்” என்றேன்.

“மாப்பிள்ளகிட்ட நேத்தே கேட்டுட்டேன். சரின்னுட்டார். எப்ப கொண்டு வருவீங்கன்னு கேட்டார்.”

அன்று காலை என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“புது சோபா வாங்கியிருக்கோம்” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அண்ணன் சிரித்தான். தம்பியும் சேர்ந்துகொண்டான். அம்மா மேசையைக் கையால் தட்டினாள்.

“உங்களால ஆகாது. கூப்பிடுங்க.”

கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் இரவு நாய் யாரோடு தூங்குவது என்று தினமும் சண்டை வரும். அம்மா எங்களை இஸ்திரி அறையின் மூன்று சுவர்களில் நிறுத்துவாள். நாயை நடுவில் விடுவாள். ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். யாரிடம் போகிறதோ அன்று இரவு அவருக்கு. அண்ணன் காலுறைக்குள் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டுக்கொள்வான். தம்பி அழுவான். நாய்களுக்கு அழுகிற பிள்ளை பிடிக்கும். நான் நேர்மையாகக் கூப்பிட்டுத் தோற்பேன் என்று சொல்ல ஆசைதான். வாயால் பூனைபோலக் கத்துவேன்.

மூவரும் பழைய இடங்களுக்குப் போனோம். கால்கள் தாமாகவே போயின. அண்ணன் பாய்லர் பக்கம், தம்பி கதவருகே, நான் ஹேங்கர் கம்பியின் கீழே. கம்பி இப்போது என் தலையில் இடித்தது.

“ம்” என்றாள் அம்மா.

அண்ணன் கறையை ஏதோ கடன்காரனைக் கூப்பிடுவதுபோல அதட்டிக் கூப்பிட்டான். தம்பி வாயால் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம் எழுப்பினான். கறைக்கு அதைக் கண்டால் ஆகாது. நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

கறை அசையவில்லை.

“யாரும் வேணாங்குது” என்றான் தம்பி. “அறிவுள்ள நாய்.”

“இன்னொரு தடவை” என்றாள் அம்மா.

இந்த முறை அண்ணன் கையையும் தட்டினான். தம்பி விசில் அடித்தான். கறை கண்ணைத் திறந்து, யாரும் நிற்காத நான்காவது சுவரைப் பார்த்துவிட்டு, தாடையைத் தரையில் வேறொரு இடத்தில் வைத்து அழுத்தியது. சிறிது நேரம் அப்படியே இருந்தது. பிறகு தலையைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்தது. எதையோ தேடுவதுபோல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் அதன் பின்னால் போனேன். நிழல் விழாமல், காற்று படாமல் நிற்க வேண்டும். குழந்தைகளைச் சோதிக்கும்போது அப்படித்தான் செய்வேன். சாவிக் கொத்தைக் குலுக்கினேன். ஒன்றுமில்லை. தட்டில் கரண்டியால் தட்டினேன். காது மடல்கூட அசையவில்லை. டப்பா மூடியைப் பிடித்துப் பலமாக அடித்தேன். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். கறை கொட்டாவி விட்டது.

“அம்மா. இதுக்குக் காது கேக்கல.”

“போன மழைக்காலத்துலேர்ந்து” என்றாள் அம்மா.

“ஏன் சொல்லல?”

“நீ வாராவாரம் வர்ற. உன் வேலையே அதுதான். நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்.”

அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கிறாங்க இவகிட்ட. சொந்த வீட்டு நாய் செவிடு. இவ அதுக்குப் பக்கத்துல உக்காந்து பேசிட்டிருக்கா!”

“அது என்னைக்கு நாம சொன்னதக் கேட்டுது?” என்றேன். “வித்தியாசம் தெரியல.”

“மூணு பேருக்கும் தெரியல” என்றாள் அம்மா. “நீங்க கூப்பிடுவீங்க. நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு குதிகாலால தட்டுவேன். அது எந்திரிக்கும். உங்க குரலுக்குத்தான் எந்திரிச்சுதுன்னு ஆளுக்கொரு பக்கம் சந்தோஷப்படுவீங்க.”

அவள் மேசையிலிருந்து இறங்கிக் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினாள். கறை எழுந்து அவள் காலருகே போய் நின்றது.

பாய்லர் ஓடும்போது தரை முழுக்க மெல்ல அதிரும். எங்களுக்கு அது இரைச்சல். கறைக்கு அது மட்டும்தான் மிச்சம். பத்து மணியிலிருந்து அது தாடையை வைத்து வைத்துத் தேடியது அதைத்தான். இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப முடிஞ்சுது” என்றான் அண்ணன். “காது கேக்காத நாய். காது பாக்கிற தங்கச்சி. வேற என்ன பொருத்தம் வேணும்?”

“உன் வீட்டுக்குத்தான் பொருத்தம். அண்ணி பேசுறது நாய் காதுலயாவது விழாம இருக்கும்” என்றேன்.

“அவ இல்லாதப்ப அவளப் பத்திப் பேசாதே. பயமா இருக்கு.”

“போதும்” என்றாள் அம்மா. அவள் குரல் மாறியிருந்தது. “மாடி, மாவு, சோபா. எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்கு நாய் பயமில்ல. நாயோட கடைசி நாள்தான் பயம்.”

தம்பி மறுபடி விசிலடிக்கக் குவித்த உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து பாத்துக்கிறேன். மூணு தடவ பாத்தவ. நாலாவது பாக்க மாட்டேனா? அதுவரைக்கும் வச்சிருந்தாப் போதும்.”

மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் நடந்தது. நாய் சாப்பிடுவதை நிறுத்தும். அம்மா ஒரு வாரம் பார்ப்பாள். பிறகு ஒருநாள் மதியம் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு மூட்டையைக் கொடுத்து டெலிவரிக்கு அனுப்புவாள். மூவருக்கும் மூன்று திசை, எல்லாம் தூரம். திரும்பி வரும்போது நாய் இருக்காது. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் கேட்டதில்லை. அவள் சொன்னதில்லை. சுருக்கத்தின் முறை வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. வேலை, வீடு, புருஷன் எல்லாம் இருந்தது. அப்போதும் மூட்டையைக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டு போனேன்.

“சுருக்கத்தன்னைக்கு எனக்கு நீ குடுத்த மூட்டை” என்று தம்பி மெதுவாக ஆரம்பித்தான், “அது நம்ம வீட்டுத் தலையணை உறைம்மா.”

அம்மா அவனைப் பார்த்தாள்.

“நீ அனுப்பின ஓட்டல்ல பிரிச்சுப் பாத்தாங்க. எங்களுது இல்லன்னாங்க. உள்ள ஒரு உறையில என் பேரு இருந்துது. சின்னதுல நீ நூல்ல தச்சது.”

“எனக்குத் திரைச்சீலை” என்றேன். “மாடி அறையோடது.”

அண்ணன் மூக்கைத் தேய்த்தான். “எனக்கு அப்பாவோட வேட்டி. ரெண்டு. பித்தான் அன்னைக்கும் அதேதான் குடுத்தே. வேற கெடைக்கலயா உனக்கு?”

“அவசரத்துல கையில வந்தத…” என்ற அம்மா நிறுத்தினாள்.

தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். அண்ணன் அந்த வேட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். ஒருவர் விலை கேட்டாராம். தம்பி தலையணை உறைகளோடு ஒரு சினிமாவுக்குப் போய்ப் பாதியில் வந்துவிட்டானாம். நான் ஒரு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று நினைவில்லை. திரும்பிப் போக நேரமாகிவிட்டதா, இன்னும் ஆகவில்லையா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் தம்பியும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மா சிரிக்கவில்லை.

“அப்ப தெரிஞ்சுதான் போனீங்களா?” என்றாள்.

நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம்.

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாமலே இருக்கட்டும்னு நெனச்சேன்.” அவள் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். “தெரிஞ்சும் ஒருத்தரும் பாதியில திரும்பி வரல.”

அண்ணன் பாய்லரின் குமிழைத் திருகினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

கறை கதவருகே போய் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு வெளியே போக வேண்டும். அண்ணன் கூரையைப் பார்த்தான். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். நாய் வாரை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

பின் தெரு வெறிச்சென்று இருந்தது. கறை சுவரோரமாக நடந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஹாரன் அடித்தான். கறை சுவரை விட்டு நடுத் தெருவுக்குப் போயிற்று. வாரை இழுத்தேன். வண்டி திட்டிக்கொண்டே போனது. கறை என்னைப் பார்த்த பார்வையில், கழுத்தைப் பிடித்து இழுப்பது என்ன மரியாதை என்ற கேள்விதான் இருந்தது. பிறகு ஒரு விளக்குக் கம்பத்தைக் கண்டது. மோந்தது. மறுபக்கம் போய் மோந்தது. உலகத்தில் அதற்கு அவசரமே இல்லை.

நான் நின்றேன். சுருக்கத்தின் கடைசி மதியத்தில் அம்மா என்ன செய்திருப்பாள் என்று அந்தப் பூங்காவில் நினைத்துப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன். இப்போது நினைத்தேன். கால்நடை மருத்துவரிடம் கடைசி ஊசிக்குத் தனியாகத் தூக்கிப் போயிருப்பாள். சுருக்கம் கனம். அவளுக்கு அப்போதே முழங்கால் வலி. திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்திருக்கும். வந்ததும் இஸ்திரியைச் சூடாக்கி, யாருடைய சட்டையையோ எடுத்து, நாங்கள் வருவதற்குள் இரண்டு மூன்றாவது முடித்து அடுக்கியிருப்பாள். வேலை செய்துகொண்டே இருந்ததுபோல.

கறை கம்பத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிற்று. எனக்கும் அவசரமில்லை. உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாக ஒத்திகை பார்த்தேன். கறை எனக்கு. அம்மா கடைசி நாளுக்கு வரவேண்டாம். நானே பார்த்துக்கொள்வேன். இல்லை, வரட்டும். ஆனால் கூட நான் இருப்பேன். இதைக் கொஞ்சம் கம்பீரமாகச் சொல்ல வேண்டும். அண்ணன் வாயடைத்து நிற்க வேண்டும்.

முன்பக்கமாகத் திரும்பி வந்தேன். கடை வாசலில் என் கார் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கறையின் மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், சோற்றுத் தட்டு, சீப்பு, பழைய போர்வை. தம்பி ஒரு மருந்துப் பாட்டிலை இருக்கையின் பின்பையில் சொருகிக்கொண்டிருந்தான். அண்ணன் கையைத் துடைத்தபடி நின்றான்.

“என்னடா இது?”

“ஓட்டுப் போட்டோம், அக்கா. ரெண்டுக்கு சுழியம்.”

“நான் இல்லாமலா?”

“நீ வேட்பாளர். வேட்பாளருக்கு ஓட்டு கிடையாது.”

“அம்மா?”

“அம்மா நடுநிலை” என்றான் அண்ணன்.

“கார் சாவி என்கிட்ட இருக்கு. எப்படித் திறந்தீங்க?”

“லிஃப்ட் கதவே திறக்கிறேன். இது என்ன?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானே எடுக்கிறேன் என்று சொல்ல வந்தவளைச் சொல்லவிடாமல் செய்தால் எப்படி இருக்கும்?

“எடுங்க எல்லாத்தையும் வெளியே. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

“சோபாவுக்குப் பழைய விரிப்பு வச்சிருக்கோம்” என்றான் தம்பி. “ஆஸ்பத்திரி விரிப்பு. உன் ஆஸ்பத்திரிதான்.”

“விரிப்பு வேணாம். ஒண்ணும் வேணாம். நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லத்தான் வந்தேன். இப்ப மாட்டேன்.”

“அவ என்ன சொல்றா?” என்று அண்ணன் தம்பியைக் கேட்டான்.

“கூட்டிட்டுப் போறாளாம். அதனால மாட்டாளாம்.”

“சரியாத்தான் சொல்றா.”

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது கறை வாரை என் கையிலிருந்து உருவிக்கொண்டு காரில் ஏறிவிட்டது. மெத்தையை மூன்று முறை சுற்றியது. படுத்துத் தாடையைக் கார்த் தரையில் வைத்தது. நான் பேச்சை நிறுத்தினேன். முன்பக்கம் போய் இஞ்சினை ஓடவிட்டேன். கார் அதிர்ந்தது. கறை தாடையை எடுக்கவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

“ஞாயித்துக்கிழமை நான் வந்து குளிப்பாட்டுவேன்” என்றான் தம்பி, யாரும் கேட்காமலே.

“நான் அந்தக் கடைசி…” அண்ணன் வார்த்தை தேடினான். “எந்த நாள்னாலும் போன் பண்ணு. வேலையில இருந்தாலும் வருவேன். யாராவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டிருந்தா மாட்டிக்கிட்டே இருக்கட்டும்.”

“நான் இருப்பேன்” என்றேன். கம்பீரமாக வரவில்லை.

அம்மா கடைக்குள்ளிருந்து மெதுவாகப் படி இறங்கி வந்தாள். ஏப்ரனைக் கழற்றியிருந்தாள். அது இல்லாமல் அவளைப் பகலில் பார்த்த பழக்கம் எங்களுக்கு இல்லை. வேறு யாரோ போல, கொஞ்சம் சின்னவளாக இருந்தாள். காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முழங்கால் சொடுக்கிட்டது. ஒரு கையால் கறையின் காது மடலைத் தூக்கினாள். வாயை அதன் அருகே கொண்டு போனாள்.

“புது எடம்னு பயப்படக் கூடாது” என்றாள். “நேரத்துக்குச் சாப்பிடணும். ராத்திரி எந்திரிச்சு உக்காந்து யாரையும் தேடக் கூடாது. தனியா விட்டுட்டாங்கன்னு நெனைக்கக் கூடாது. யாரும் விடல. கூப்பிடுற தூரத்துலதான் எல்லாரும் இருக்கோம். சரியா?”

கறை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா மடலை விடவில்லை. அண்ணன் தெருவைப் பார்த்தான். தம்பி காரின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

நான் முன் இருக்கையிலிருந்து திரும்பினேன்.

“அதுக்குத்தான் காது கேக்காதேம்மா. நீ யார்கிட்ட சொல்ற?”